புதன்கிழமைச் சீலை

கனகசூரியம் மாமா இரும்பு நாடாவின் நுனியைச் சீலையின் ஒரு மூலையில் வைத்துப் பெருவிரலால் அழுத்திக்கொண்டு, நாடாப் பெட்டியை என் கையில் தந்து, "புடி புள்ள, அந்தக் கரை மட்டும் இழு" என்றார். நானும் இழுத்தேன். என் சாமானை இன்னொருவர் கொண்டுபோக, அளவு எடுப்பதற்கு நானே நாடா பிடித்துக் கொடுத்தேன். செங்கலடிச் சந்தியில் புடவைக்கடை வைத்து, யாழ்ப்பாணத்து முதலாளி, கொழும்பு ஏஜென்ட், காத்தான்குடி மொத்த வியாபாரி எல்லாரையும் ஒரே ஸ்டூலில் உட்காரவைத்துப் பால் ஊற்றாத பிளேன்ரீ கொடுத்தே விலையை இறக்கிய இராசதுரையின் மகள் நான். அப்பா இருந்திருந்தால் அதற்குப் பிறகு என்னைக் கடைப் படியில் ஏறவிட்டிருக்கமாட்டார்.

"மண்டபத்துக்குக் கொஞ்சம் காணாதுதான்," என்றார் மாமா, குந்தியிருந்தபடியே. "கரைக்கு மஞ்சப் பட்டு வச்சித் தைச்சா வந்திரும். இந்தக் கறுப்பு மட்டும் வேணாம் புள்ள. அம்மாள்ர தலைக்கு மேல கறுப்புத் தொங்கப்படாது. வெட்டி எடுத்திரு."

மாமா எங்கள் ஊர் அம்மன் கோயிலின் வண்ணக்கர். கோயில் நிருவாகம், கோயில் சாவி, கோயில் கோபம் மூன்றும் அவரிடம்தான். அம்மாவுக்கு ஒன்றுவிட்ட அண்ணன். வருடம் முழுவதும் பூட்டிக் கிடக்கும் கோயிலை வைகாசிச் சடங்குக்குத்தான் திறப்பார்கள். வருகிற திங்கள் கதவு திறப்பு. அப்போது அம்மனுக்கு மேலே மேற்கட்டியாகக் கட்டப்படப்போவது என்னுடைய சீலைதான் என்பது ஊருக்கெல்லாம் தெரிந்து, கடைசியாக எனக்குத் தெரியவந்த செய்தி.

அந்தக் கறுப்பு, ஏறாவூரில் என் சிநேகிதி றிஸ்னாவின் தையல் கடையில் அபாயா வெட்டி மிஞ்சிய துணி. வெளிச்சத்தில் பிடித்தால் அதற்குள் ஒரு நீலம் ஒளிந்திருப்பது தெரியும். விடியப்புறம் எங்கள் வீட்டு வளவுக்குப் பின்னால் வாவி அந்த நிறத்தில்தான் கிடக்கும். அதை ஒரு கோணல் ஓட்டமாக நடுவில் விட்டு, இரண்டு பக்கமும் கடைக் கழிவுகளை, பள்ளிக்கூட வெள்ளையும் சாரத்துக் கட்டமும் பிளவுஸ் துணியின் சிவப்பும் மஞ்சளும் விலைபோகாத ஒரு பச்சையும், சதுரம் சதுரமாக வெட்டி, மாற்றி மாற்றி வைத்துப் பார்த்துத் தைத்திருந்தேன். அந்தப் பச்சையை எங்கே வைப்பது என்பதற்கே ஒரு மாதம் போனது. முழுச் சீலையும் அந்தக் கறுப்பில்தான் நின்றது. அதை எடுத்தால் மிச்சம் கடைக்குப்பை. மாமாவுக்கும் அது தெரியாமலில்லை. பிடிக்காத துணியை ஒருவரும் திருப்பித் திருப்பிப் பார்ப்பதில்லை. கொண்டுபோகிற எண்ணம் இருப்பவர்தான் குற்றம் கண்டுபிடிப்பார். அவர் மூன்றாம் தரமும் திருப்பிப் பார்த்தார்.

உண்மையில் அது போர்வை. மேலே துண்டுகள் பொருத்திய சீலை, நடுவில் அம்மாவின் பழைய நூல்சேலை, அடியில் வெள்ளைத் துணி. மூன்றையும் சேர்த்துப் பிடித்து, கையால் ஓட்டுத் தையல் போட்டுக்கொண்டே போகவேண்டும். மட்டக்களப்புச் சூட்டில் இதைப் போர்த்திக்கொண்டு படுப்பவன் ஒன்றில் காய்ச்சல்காரன், அல்லது கடன்காரனுக்கு ஒளிப்பவன். எனக்கும் அது தெரியும். பெற்றோல் வரிசையில் நாடே நின்ற வருடம் கடைக்குச் சனம் வராமல் நான் ஈ விரட்டிக்கொண்டு இருந்தபோது, எங்கோ குளிர்நாட்டில் ஒருத்தி துண்டுத்துணி வைத்துப் போர்வை தைக்கிற வீடியோ போனில் வந்தது. அவள் பேசியதில் ஒரு சொல் விளங்கவில்லை, கை விளங்கியது. அன்றைக்கே காலடியில் கிடந்த கழிவுப் பையை அவிழ்த்தேன். மற்ற எல்லாவற்றையும் நான் எதற்காவது செய்கிறேன். இதை மட்டும் எதற்காகவும் செய்யவில்லை. அதனால்தான் இது எனக்குத் தேவைப்பட்டது.

கடையில் ஓட்டம் திரும்பவும் வந்தபோது, தைக்கிற நேரத்தை என் புருசன் விஜிதரனிடம் பேரம் பேசித்தான் வாங்கினேன். வருசப்பிறப்பு, தீபாவளி வியாபாரம் முழுக்க நான் நின்று பார்ப்பேன். புதன்கிழமை பின்னேரம் அவர் கடையைப் பார்க்கவேண்டும், நான் வீட்டுக்குப் போவேன், அந்த நேரம் என்னுடையது. அவர் உடனே "ஓம்" என்றார். நான் அப்போதே யோசித்திருக்கவேண்டும். சரக்கைக் கொடுக்கும் எண்ணம் இல்லாதவன்தான் விலையில் சண்டை பிடிக்கமாட்டான்.

முதல் புதன்கிழமை கூடத்தில் சீலையை விரித்து ஊசியில் நூல் கோர்த்ததும் போன். "ஆர்த்தி, அந்தப் பொலியெஸ்டர் பெட்டி எங்க கிடக்கு?" அவருடைய முழங்காலுக்கு முன்னால் கிடந்தது. அடுத்த புதன்கிழமை அம்மா, "சும்மாதானே இரிக்காய், இந்த அரிசிய ஒருக்காப் புடைச்சித் தா" என்று சுளகோடு வந்தா. மகள் சிவானுஜா விளையாட்டுக் காற்சட்டையில் எலாஸ்ரிக் போய்விட்டது என்றாள். பிறகு அயல் தொடங்கியது. ஊசியும் கையுமாக ஒருத்தி இருக்கக் கண்டால் சனத்துக்குத் தங்கள் கிழிசலெல்லாம் ஒன்றாக நினைவுக்கு வரும்போல. பிளவுஸ் கொக்கி, புத்தகப்பையின் சிப், ஒருத்தி குடையைக் கொண்டுவந்தாள். "தைச்சிக்கொண்டுதானே இரிக்காய், இதையும் அதோட ஒரு இழுவை." பத்து நிமிடம் தைத்தால் அது எனக்கு வந்த லாபம் என்று நினைத்துக்கொள்ளவேண்டியதுதான். இது என் வீடு. எங்கள் பக்கத்தில் வீடு பெண்பிள்ளைக்குத்தான் எழுதுவது; மாப்பிள்ளைதான் உடுப்புப் பெட்டியோடு வந்து ஏறுவார். உறுதிப் பத்திரத்தில் என் பெயர் இருக்கிறது. வளவு, கிணறு, நாலு தென்னை எல்லாம் அதில் இருக்கிறது. ஒரு பின்னேரத்தை மட்டும் யாரும் எழுதித் தரவில்லை.

ஏறிவந்த மாப்பிள்ளைக்கோ ஞாயிற்றுக்கிழமை முழுவதும் சொந்தம். விடியக் கூட்டாளிமாரோடு தோணியில் வாவிக்குப் போவார். போன வருடம் மோட்டார் சைக்கிளில் விழுந்து காலில் கம்பி வைத்த பிறகும், இரண்டு பேர் பிடித்து ஏற்றிவிட, போனார். பகல் முழுக்கத் தூண்டில் போட்டு, பூனைகூட முகர்ந்து பார்த்துவிட்டு விலகிப்போகும் நாலு கெளிறு மீன் கொண்டுவருவார். அதை ஒருவரும் 'சும்மா' என்று சொன்னதில்லை. "மனிசனுக்கு ஒரு ஆறுதல் வேணுந்தானே" என்று அம்மாவே சோறு கட்டிக் கொடுப்பா.

இப்படிப் போய்க்கொண்டிருந்த காலத்தில்தான் ஒருநாள் கனகசூரியம் மாமா கோயிலுக்கு நெல் கேட்டு வந்தார். அறுவடை முடிந்திருந்தது. அன்று புதன்கிழமை. கூடம் நிறையச் சிவப்பும் மஞ்சளுமாகச் சீலை விரிந்து கிடக்க, நான் நடுவில் இருந்தேன். "என்ன தங்கச்சி இது, இம்மாம்பெரிய சீல?" என்று வாசலிலேயே நின்றுவிட்டார். அம்மாவுக்கு முகம் கறுத்தது. கடைக்காரி, கலியாணம் முடித்தவள், வளர்ந்த மகளுடையவள், பட்டப்பகலில் துணித்துண்டு பரப்பி விளையாடுகிறாள் என்று அண்ணனுக்கு எப்படிச் சொல்வது?

"அது... அம்மாளுக்கு, அண்ணன். ஒரு நேத்திக்கடன்."

அந்த நேரம் என் உதடுகளுக்கு நடுவில் ஊசி இருந்தது. எடுத்துவிட்டு உண்மையைச் சொல்ல நேரமும் இருந்தது. மாமா செருப்பைக் கழற்றிவிட்டுச் சீலையின் ஓரத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். நான் ஊசியை எடுக்கவில்லை. இந்தியன் துணியைச் சிங்கப்பூர் என்று தானாகவே நினைத்து வாங்குகிற ஆளை அப்பா ஒருநாளும் திருத்தியதில்லை; பொய்யும் சொல்லமாட்டார், மடித்துக் கொடுப்பார். நானும் அப்படித்தான் மடித்துக் கொடுத்தேன்.

அவர் போனபின், "என்னம்மா சொன்னீங்க?" என்று கேட்டேன்.

"பின்ன என்னத்தச் சொல்ற? உனக்கு வேலையில்லாம இதுக்குள்ள கிடக்கிறாய் எண்டா?"

அடுத்த புதன்கிழமை போன் அடிக்கவில்லை. பெட்டி தானாகவே கிடைத்திருக்கவேண்டும். அம்மா அரிசியைத் தானே புடைத்தா, அதுவும் சத்தம் வராமல் குசினிக்குப் பின்னால் கொண்டுபோய். புதன்கிழமைகளில் வீட்டில் மீன், இறைச்சி என்று மச்சம் சமைப்பது நின்றது. கிழிசலோடு வாசல் கேற்றடி வரை வந்த ஒருத்தியை இன்னொருத்தி, "அவ நேத்திச் சீல தைக்கா, இப்ப போகாதகா" என்று திருப்பிக் கூட்டிக்கொண்டு போனது என் காதில் விழுந்தது. கதவைச் சாத்தச் சொல்லி நான் யாரையும் கேட்டதில்லை. யாரோ வந்து மெல்லச் சாத்திவிட்டுப் போனார்கள். அந்த மாதங்களில் நான் தைத்ததைப்போல என் சீவியத்தில் எதையும் செய்ததில்லை. ஊசி உள்ளே போய் வெளியே வரும் சத்தம் கேட்கும் அளவுக்கு அந்தக் கூடம் அமைதியாக இருந்தது. அந்த அமைதிக்குள் இருந்துகொண்டே எனக்குப் பற்றி எரிந்தது. எத்தனை புதன்கிழமை வாயால் கேட்டேன், சண்டை பிடித்தேன், ஒருமுறை அழுதும் பார்த்தேன். அம்மாளின் பெயரை ஒருதரம் சொன்னதும் எல்லாருக்கும் விளங்கிவிட்டது.

அதோடும் முடியவில்லை. நேர்த்தி என்றால் எதற்காக என்று ஒன்று இருக்கவேண்டுமே. விஜிதரன் தன் காலுக்கென்று முடிவுசெய்தார். கடைக்கு வருகிற சனத்துக்குக் காற்சட்டையைத் தூக்கித் தழும்பைக் காட்டி, "மனிசி நேத்தி வச்சாப் பொறகுதான் இந்தளவுக்கு நடக்கிறன்" என்று சொல்லுவார். அதைச் சொல்லும்போது அவருடைய குரல் இறங்கும். சிவானுஜா தன் ஓ.எல் சோதனைக்கென்று எடுத்துக்கொண்டாள். கணக்குப் புத்தகத்தைத் திற என்றால், "நீங்கதான் நேத்தி வச்சிரிக்கீங்களேம்மா" என்றாள். எல்லாவற்றுக்கும் மேலாக அம்மா. அந்தப் பொய்யைத் தன் வாயாலேயே பெற்றெடுத்த பத்தினிப்பிள்ளை, ஒருநாள் என் பக்கத்தில் வந்து குந்தி, "புள்ள, என்ர இடக்கண்ணுக்கும் அம்மாளிட்ட ஒரு சொல்லுச் சொல்லிவை" என்றா. சிரிப்பதா, ஊசியால் குத்துவதா என்று தெரியவில்லை. கால், கண், கணக்கு எல்லாம் என் சீலையில் இடம் பிடித்துவிட்டன. ஆர்த்திகா தனக்கென்று ஏதும் கேட்டிருப்பாளோ என்று ஒரு சந்தேகமாவது ஒருவருக்கும் வரவில்லை.

றிஸ்னாவிடம் மட்டும் சொன்னேன். அபாயாத் துண்டுகளைப் பையில் போட்டுக்கொண்டிருந்தவள் மெசினில் சாய்ந்து சிரித்தாள். "அடியே, நான் தொழுற பாய விரிச்சிட்டா எங்கட மாமிகூடக் கூப்பிடமாட்டா. தொழுது முடிஞ்சும் கொஞ்ச நேரம் அதிலயே இரிப்பன். அது எனக்கும் அல்லாஹ்வுக்கும் மட்டுந்தான் தெரியும்." பிறகு சிரிப்பை நிறுத்தி, "ஆனா என்ட பாய ஒருத்தரும் கேட்டு வரமாட்டாங்க. ஒன்ட சீலய வருவாங்க, பாத்துக்க" என்றாள்.

வந்துவிட்டார்கள். மாமா மூலையில் குந்தியிருக்க, அம்மா கும்பிட்ட கையோடு சுவரோரம் நிற்க, விஜிதரன் இதற்கென்றே கடையிலிருந்து வந்து வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். சிவானுஜா போனில் படம் எடுத்துக்கொண்டிருந்தாள்.

முதலில் வியாபாரமாகவே பேசிப் பார்த்தேன். "மாமா, இது கழிவுத் துண்டு. கடையில வெட்டி வீசினது. அம்மாளுக்குக் கழிவா குடுக்கிற? புதுப் பட்டு முழுசாத் தாறன், மண்டபம் நிறையக் கட்டலாம்."

"பட்டு ஆரும் தருவான் புள்ள. நேத்தி எண்டு வச்சா வச்சதுதான், மாத்த ஏலா." அவர் மற்றக் கையால் தையலைத் தடவினார். "இப்பிடிக் கையால ஆரு தைக்கா? எந்தக் கோயில்லயும் இது இல்ல." அவருக்கு அது உண்மையாகவே பிடித்திருந்தது. என் வீட்டில் ஒருவரும் சொல்லாத ஒன்றை, சீலையைக் கொண்டுபோக வந்தவர் சொன்னார். அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரம்.

"குடு ஆர்த்தி," என்றார் விஜிதரன் மெல்ல. "என்ர காலுக்காகத்தானே வச்சாய். உனக்கென்ன, வேற ஒண்டு தைக்கலாந்தானே."

உனக்கென்ன.

"அந்தக் கத்தரிக்கோல எடு," என்றார் மாமா. "கறுப்ப இப்பவே வெட்டினா கையோட கொண்டு போயிருவன்." அம்மா எடுத்து என்னிடம் நீட்டினா. நான் வாங்கினேன். அது வழக்கத்தைவிடப் பாரமாக இருந்தது. மாமா என் முகத்தைப் பார்க்காமல், சாயம் போகுமா என்று துணிக்கடையில் கேட்பதைப்போல, பதில் தெரிந்தே கேட்கிற கேள்வியாக, "துடக்கு நாளில இதத் தொடல்லத்தானே?" என்றார். பேச்சு முழுவதும் அவருடைய பெருவிரல் அந்த மூலையிலேயே இருந்தது.

"தொட்டன் மாமா."

"என்னகா?" என்றா அம்மா.

"தொட்டன். ஒவ்வொரு மாசமும் தொட்டன். அந்த நாளில சாமி அறைக்குப் போற வேல இல்லத்தானே, அந்த நேரத்தையும் இதுக்குத்தான் குடுத்தன்."

மாமா விரலை எடுத்தார். நாடா சர்ரென்று ஓடிவந்து என் விரலில் அடித்துப் பெட்டிக்குள் புகுந்தது. அவ்வளவே போதும்; தீட்டுப்பட்டதைக் கோயில் எடுக்காது. சீலை என்னுடையதாகிவிட்டது. அப்பாவாக இருந்தால் அந்த இடத்தில் வாயை மூடி, இன்னொரு பிளேன்ரீ ஊற்றச் சொல்லியிருப்பார். எனக்கு நிறுத்தத் தெரியவில்லை. விரல் வலித்தது, அதனாலும் இருக்கலாம்.

"நேத்தியும் இல்ல, ஒண்டும் இல்ல. நான் அம்மாளிட்ட ஒண்டுமே கேக்கல்ல. கேட்டதெல்லாம் உங்களிட்டத்தான். ஒரு பின்னேரம் கேட்டன். அத நீங்க தரல்ல, அம்மாள் தந்தா. இது மேற்கட்டி இல்ல மாமா, போர்வை. எனக்காகத் தைச்ச போர்வை."

"வாயக் கழுவுகா!" அம்மா என் கையிலிருந்த கத்தரிக்கோலைப் பிடுங்கினா. "அண்ணன், இவளுக்குக் கொஞ்ச நாளா உடம்பு சரியில்ல..."

"அப்ப என்ர கால்?" என்றார் விஜிதரன்.

சின்னப்பிள்ளை கேட்பதுபோலத்தான் கேட்டார். அந்தக் குரலை வேறு ஒருநாள் கேட்டிருந்தால் நான் இறங்கிப்போயிருப்பேன்.

"உங்கட கால டொக்டர் பாத்தவர். ஞாயித்துக்கிழமையில தோணி ஏறக்குள்ள அது நல்லாத்தானே இரிக்கி?"

மாமா எழும்பி, நாடாப் பெட்டியை என் கையிலிருந்து வாங்காமலே வெளியே போனார். வாசல் பைப்பைத் திறந்து கை கழுவினார், கால் கழுவினார், சீலையை ஒற்றிக்கொண்ட கண்ணையும் கழுவினார். விஜிதரன் தன் காலைக் குனிந்து பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு கடைச் சாவியை எடுத்துக்கொண்டு, நிலையைப் பிடிக்காமல், வழக்கத்தைவிட நொண்டி நடந்து போனார்.

திங்கட்கிழமை கதவு திறந்தது. அம்மா வெள்ளைச் சேலை உடுத்துத் தனியப் போனா. மண்டபத்தில் யாரோ கொடுத்த பட்டுக் கட்டியிருந்ததாம். என்னிடம் சொல்லவில்லை, சிவானுஜாவிடம் எனக்குக் கேட்கிற சத்தத்தில் சொன்னா. விஜிதரன் சாப்பிட்டார், கடைக்குப் போனார், வந்தார்; கறிக்கு உப்புக் கேட்கக்கூட வாய் திறக்கவில்லை.

புதன்கிழமை நான் கடையிலிருந்து நேரத்துக்கு வந்து கூடத்தில் சீலையை விரித்தேன். கதவைச் சாத்தவில்லை. கோயில் ஒலிபெருக்கியில் உடுக்குச் சத்தம் வந்துகொண்டிருந்தது. ரோட்டால் போன சனம் எங்கள் வாசலுக்கு நேரே வந்ததும் குரலைத் தாழ்த்தி அந்தக் கரைக்கு விலகிப் போனது. கிழிசலோடு ஒருத்தியும் வரவில்லை. துடக்குக் கைக்கு யார் துணி கொடுப்பார்கள்? அம்மா குசினிக்குப் போகச் சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு சுவரோடு ஒட்டி நடந்தா, பாம்பு கிடக்கிற இடத்தைக் கடப்பதுபோல. அறைக்குள் சிவானுஜா கணக்குப் புத்தகம் புரட்டுகிற சத்தம் கேட்டது. அதில் மட்டும் எனக்கு ஒரு லாபம். போன் அடிக்கவில்லை. திரும்பவும் அதே அமைதிதான். போன மாதம் சாமிக்குப் பயந்து தந்தார்கள், இந்த மாதம் என்னைத் தொடப் பயந்து தருகிறார்கள். கறுப்பின் நடுவில் விட்ட இடத்தில் தொடங்கினேன். முதல் தையல்கள் பெரிது பெரிதாக விழுந்தன. பிரித்துவிட்டுத் திரும்பவும் போட்டேன்.

வெயில் சரிந்த நேரம் விஜிதரன் வந்து வாசலில் நின்றார்.

"கட?" என்றேன், தலையை நிமிர்த்தாமல்.

"பூட்டிட்டு வந்தன்."

சடங்குக் கிழமை, நல்ல வியாபார நாள். எதற்காகப் பூட்டினார் என்று நான் கேட்கவில்லை. சமாதானத்துக்கா, சண்டைக்கா, அல்லது பசிக்கா என்று முகத்தைப் பார்த்தால் தெரிந்திருக்கும், பார்க்கவில்லை. செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டது. குசினிப் பக்கத்தில் அம்மா மூச்சை இழுக்கும் சத்தமும் கேட்டது. அவர் சுவரைச் சுற்றிப் போகவில்லை. நிலையைப் பிடித்து மெல்ல இறங்கி, சீலையின் ஓரத்தில் உட்கார்ந்து, மடங்காத அந்தக் காலை இரண்டு கையாலும் தூக்கி நீட்டினார். தழும்புள்ள கணுக்கால் கறுப்பின் மேல் வந்து கிடந்தது.

காலை எடுங்கள் என்று நான் சொல்லவில்லை. ஊசியையும் நிறுத்தவில்லை. தையல் அந்தக் காலை நோக்கித்தான் போய்க்கொண்டிருந்தது.